என் தம்பிக்காக ஆத்தா பேசினாள்

போன ஆடி மாதம். திருட்டு வழக்கில் உள்ளே போன என் தம்பி செல்வம் சிறையிலிருந்து வரும் நாள் நெருங்கியது. அவனை எங்கே கூட்டிப்போவது என்று தெரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. நாலு பேர் முன்னால் பேச வராது.

அம்மா இறந்த பிறகு அப்பா குடித்துவிட்டு எங்கள் இருவரையும் அடிப்பார். என்னை அத்தை கூட்டிப்போய் வளர்த்தார். தம்பிக்கு யாரும் இல்லை. குளிரில் வெளியே கிடப்பான். பசிக்குச் சோறு திருடினான். பிறகு கடைப் பூட்டை உடைத்தான். செய்தது தப்புதான். ஆனால் அத்தை அன்று என்னை விட்டு அவன் கையைப் பிடித்திருந்தால், அவன் இடத்தில் நான் இருந்திருப்பேன்.

அப்பா இருந்த அதே லைன் வீட்டில்தான் இப்போது நான் இருக்கிறேன்; தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அங்கே அவனைச் சேர்க்கக் கூடாது என்றார்கள் அக்கம்பக்கத்தார். வெள்ளிக்கிழமை, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூஜை முடிந்ததும் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"ஏனுங்க, அவன் வந்தா ஆத்தா தாலிக்கே பூட்டுப் போடோணுமுங்க" என்றார் ஜீப் டிரைவர் ராசு. சிரித்தார்கள்.

'தாயே, ஒரு வார்த்தை கொடு' என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

பக்கத்து வீட்டுச் சரசக்கா முன்னால் வந்தார்.

"சிரிக்காதீங்க. ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. அடி வாங்கறப்ப 'சரசக்கா, சரசக்கா'ன்னு அந்தப் பையன் கத்துவான். நான் ரேடியோவச் சத்தமா வெச்சுக்குவேன். உங்களுக்குங் கேட்டுச்சுல்லீங்க ராசண்ணா? ஒருத்தராச்சும் போனமா? அவன் வரட்டும். மொத நாள் சோறு எங்க ஊட்டுல."

ராசு தலையைக் குனிந்தபடி, "பஸ்ஸுல வேண்டாமுங்க. அவனக் கூட்டியார நானே வண்டி எடுத்துட்டு வர்றனுங்க" என்றார்.

நான் கேட்ட வார்த்தையை ஆத்தா அந்த அக்காவின் வாயில் வைத்தாள்.

தம்பி இப்போது எங்களோடு தேயிலைச் செடி கவாத்து வெட்டப் போகிறான். யாராவது சட்டென்று கையைத் தூக்கினால் இன்னும் ஒதுங்குகிறான். ஆனால் சிரிக்கிறான். அது போதும் தாயே.

ஆத்தாளை நம்புகிறவர்களே, பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அடிபட்டு அழுதால் அவளைக் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள். கூச்சக்காரன் நானே இரண்டு முறை தட்டிவிட்டேன். ஆத்தா என் கூடவே நின்றாள்.