தாயின் நாக்கில் வைத்த தேன்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துச் சில வருடங்கள் ஓடிவிட்டன. பேனாவை எடுப்பேன். சுவரில் இருக்கும் குலசாமி படத்தைப் பார்ப்பேன். மூடி வைத்துவிட்டு மிளகுக் கொடியைப் பார்க்கப் போய்விடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன். கொல்லிமலையில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவன். குடும்பத்தில் நடந்ததை, அதுவும் இப்படி ஒரு நோயைப் பற்றி, ஊர் முன்னால் வைப்பதற்குக் கூச்சம். இப்போது என் தங்கையே எழுதச் சொல்லிவிட்டாள். பேர் மட்டும் வேண்டாம் என்றாள்.

தங்கையை மலைக்குக் கீழே சேந்தமங்கலம் பக்கம் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார். அவள் முழுகாமல் இருந்தபோது, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுப்பது போல அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். எச்ஐவி இருக்கிறது என்று வந்தது. பிறகு மாப்பிள்ளைக்கும் எடுத்தார்கள். அவருக்கும் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஆலோசனை சொல்லும் ஓர் அம்மா இருந்தார். எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். தங்கை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வயித்துல இருக்கறதுக்கும் வந்துருமாங்க?"

"ஒண்ணும் செய்யாம உட்டா வரலாம். மாத்திரைய ஒரு நாளும் உடாம சாப்பிட்டா, ஆஸ்பத்திரியிலயே பிரசவம் பாத்தா, வராம காப்பாத்திரலாம் கண்ணு. பொறந்த கொழந்தைக்கும் நாங்க சொட்டு மருந்து தருவோம்."

நான் இடையில் புகுந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே சட்டியில்தான் சாப்பிடுவோம். பலாப்பழம் அறுத்தால் ஒரே முறத்தில் கொட்டிச் சுற்றி உட்கார்ந்து எடுப்போம். அதைச் சொல்லிக் கேட்டேன்.

"சேந்து சாப்பிட்டா வராதுங்க. தொட்டா வராது, இருமுனா வராது, ஒரே கக்கூஸுக்குப் போனா வராது."

"கொசு?"

"கொசுவுல வர்றதுன்னா உங்க மலையில ஒருத்தர் மிஞ்சுவீங்களா?"

மாப்பிள்ளைகூட அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு அந்த அம்மா வருகிற வழிகளைச் சொன்னார். பாதுகாப்பு இல்லாத உடலுறவு. தொற்று உள்ளவரின் ரத்தம். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது. தாயிடமிருந்து பிள்ளைக்கு, வயிற்றில், பிரசவத்தில், பாலில். இருவருக்கும் நோய் இருந்தாலும் உறை போட வேண்டும் என்று சொல்லி மாப்பிள்ளை கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டேன். அந்த வார்த்தையை எழுத இப்போதும் கை கூசுகிறது. ஆணுறை. எழுதிவிட்டேன். குடும்பத்தைக் காக்கிற சாமானுக்குக் கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது.

தங்கை மாத்திரையை விடவே இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சாமி விளக்குக்கு முன்னால் நின்று போடுவாள். விஷயம் எங்கள் மூன்று பேருக்கும் என் வீட்டுக்காரிக்கும் மட்டும்தான் தெரியும்.

பிள்ளை பெரியாஸ்பத்திரியில் பிறந்தது. பெண். அன்றைக்கே எங்கள் பெரியப்பா நாலு உறவுக்காரர்களோடு மலையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் ஒரு பாட்டில் மலைத்தேன். குலசாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு எடுத்து வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி, பிறந்த பிள்ளையின் நாக்கில் தாய்மாமன் தேன் தொட்டு வைக்க வேண்டும். தாய்மாமன் நான்தான்.

ஆனால் காலையிலேயே நர்ஸ் எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். மருந்தைத் தவிர ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான். தேன், சர்க்கரைத் தண்ணீர், மாட்டுப்பால், வெறும் தண்ணீர்கூடக் கூடாது. "நோவு இருக்கறவ பாலு எதுக்குங்க, மாட்டுப்பாலே குடுத்தர்றோமே" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். தாய் மாத்திரை சாப்பிடுவதால் பாலில் கிருமி போவது மிகவும் குறைவு, ஆனால் பாலோடு வேறு எதையாவது கலந்து கொடுத்தால் பச்சைக் குடல் புண்ணாகிக் கிருமி உள்ளே நுழைய வழி கிடைத்துவிடும், கலப்புதான் ஆபத்து என்றார் அவர்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஒன்றைச் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

"என்னடா நிக்கற? விரலத் தொட்டு வையி."

"வேண்டாமுங்க பெரியப்பா. டாக்டரு கூடாதுன்னுட்டாங்க."

"உனக்கும் உன்ற தாய்மாமன் வெச்சான். நீ செத்தா போயிட்ட? தாய்மாமன் தேன் வெக்காத புள்ளைக்குப் பேச்சு வராதுடா."

"தேன் வேண்டாம்னா மாமன் சங்கிலி போட்டுருவான், உடுங்க" என்று உறவுக்காரர் ஒருவர் குத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் விரலையே பார்த்தாள்.

பாட்டிலை வாங்கினேன். குலசாமியை நினைத்துக்கொண்டேன். சாமிக்கு முன்னால் வைத்த தேனைத் தட்டவும் மனசு வரவில்லை, பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது. விரலில் தொட்டுத் தங்கையின் நாக்கில் வைத்தேன்.

"தாயி தின்னது பாலாப் புள்ளைக்குப் போவுமுங்க பெரியப்பா. சாமிக்கு அது தெரியாதா?"

பெரியப்பா முறைத்தார். பிறகு பாட்டிலைப் பிடுங்கித் தன் நாக்கிலும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். "எம்பட தேனு வீணாப் போவக் கூடாது பாரு" என்றார். தங்கை அப்போதுதான் மூச்சு விட்டாள்.

பிள்ளைக்கு இடையிடையே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை வயதில் எடுத்ததுதான் கடைசி. இல்லை என்று வந்தது. அந்த வருடமே குலசாமி கோயிலில் மொட்டை போட்டோம். ஒரே கத்தியில் வரிசையாக எல்லாப் பிள்ளைகளுக்கும் வழிப்பது அங்கே வழக்கம். நான் புது பிளேடு வாங்கிக்கொண்டு போய்த் தலைக்கு ஒன்றாக மாற்றி வழிக்கச் சொன்னேன். அதற்கும் கேலி செய்தார்கள். பரவாயில்லை. பிள்ளை இப்போது வாய் மூடாமல் பேசுகிறாள்.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் போன மாதம் தங்கை மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருக்கிறாள். பின்னால் நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண் இவளிடம் கேட்டிருக்கிறாள்: "ஏனுங்க, கொல்லிமலையில சாமி தேன் ஒண்ணு இருக்குதாமே? தாயி நாக்குல வெச்சா புள்ளைக்கு நோவு வராதாமா. மாத்திரைய நிறுத்திப்போட்டு அதைச் சாப்பிடலாமுங்களா?"

மாப்பிள்ளை முன்பு ஒரு நாள் அதே வரிசையில் தைரியம் சொல்வதற்காக யாரிடமோ நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அது வாய்க்கு வாய் மாறி, மாத்திரை உதிர்ந்துபோய்த் தேன் மட்டும் மிஞ்சிவிட்டது. தங்கை அந்தப் பெண்ணை ஓரமாக அழைத்து உட்கார வைத்து, தன் கதைதான் அது என்று சொல்லி, முழுதையும் விளக்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் செய்தாள். "நீ எழுதுண்ணா. இன்னும் எத்தனை பேரு தேனைத் தேடறாங்களோ."

நான் சாமியை நம்புகிறவன். அந்தப் பிள்ளையைக் காத்தது சாமி என்றுதான் தினமும் கும்பிடுகிறேன். ஆனால் சாமி காத்தது மாத்திரை வழியாக, ஆஸ்பத்திரிப் பிரசவத்தின் வழியாக, சொட்டு மருந்தின் வழியாக, வேறு எதுவும் கலக்காத தாய்ப்பாலின் வழியாக. தேன் யாரையும் குணப்படுத்தவில்லை. பெரியப்பாவின் மனசு கோணக் கூடாது என்று அதைத் தங்கை நாக்கில் வைத்தேன், அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஆணுறை என்ற வார்த்தையைக் கூச்சப்பட்டு விழுங்கிவிடாதீர்கள். தேனைப் பெரிதாக்காதீர்கள். இருப்பது இருக்கிறபடியே போய்ச் சேரட்டும்.