உன்னிச்சையில் விட்ட முதலை

என் அழுகைக்கு எங்கள் வீட்டில் தனி மதிப்பு இருந்தது. அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பார், பக்கத்து வீட்டுப் பெரியம்மா காதைப் பொத்திக்கொள்வார், அப்பா மட்டும் தோற்றுப்போவார். ஐந்து நிமிடம் விடாமல் அழுதால் அவரிடம் எதையும் வாங்கிவிடலாம். ஒன்பது வயதுக்குள் நான் அதில் நன்றாகத் தேறியிருந்தேன். இப்போது நினைத்தால் அந்தப் பிள்ளையின் கன்னத்தில் ஓங்கி ஒன்று போட வேண்டும்போல் இருக்கிறது.

அப்பா வனவிலங்குக் கந்தோரில் காவலராக இருந்தார். யானை வயலுக்குள் இறங்கினாலும், மலைப்பாம்பு கோழிக்கூட்டுக்குள் புகுந்தாலும், மயில் கிணற்றில் விழுந்தாலும் ஊரார் எங்கள் படலையைத்தான் முதலில் தட்டுவார்கள். காட்டில் உள்ளதெல்லாம் அப்பா வளர்த்து அவிழ்த்துவிட்டவை என்ற எண்ணம்போல, ஏச்சும் அவருக்குத்தான் விழும்.

அந்த வருடம் எங்கள் ஊர் வாவித் துறையில் ஒரு முதலை குடியிருக்கத் தொடங்கியது. வாவியில் முதலை புதிதல்ல. ஆனால் இது ஆளைக் கண்டு விலகவில்லை. வலைகளைக் கிழித்தது, கரையில் நின்ற நாயை இழுத்துப்போனது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிப் பிழைப்பவர். விடிந்தால் போதும், வந்து சண்டை பிடிப்பார்.

“உன்ட முதலைய நீ பிடிக்கிறியா, இல்லாட்டி நான் சுருக்குப் போடட்டா?”

“நீங்க சுருக்குப் போட்டா மறுகா உங்களத்தான் நான் பிடிக்கணும் அண்ணன்” என்பார் அப்பா.

இருவரும் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார்கள். ஆனால் பெரியப்பா பயந்திருந்தார். சிரிப்பு முடிந்ததும் அவர் முகம் சட்டென்று வாடிப்போவதை நானே கண்டிருக்கிறேன்.

அப்பா துறையில் வைத்திருந்த, இறைச்சி கட்டிய இரும்புக் கூட்டுக்குள் முதலை விழுந்த நாள், மாமாங்கத் திருவிழா நாட்களில் ஒன்று. அம்மாவும் பெரியம்மாவும் காலையிலேயே அமிர்தகழிக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். பின்னேரம் என்னைக் கூட்டி வருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் அவரோடு துறையில் நின்றேன். முதலையின் வாயைச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினார்கள், கண்ணை ஈரச் சாக்கால் மூடினார்கள். பிறகு அப்பா அதன் வாலில் நிமிர்ந்து நிற்கும் செதில்களில் இரண்டை எண்ணி வெட்டினார். பிடிக்கிற ஒவ்வொரு முதலைக்கும் வெவ்வேறு இடத்தில் வெட்டுவார்களாம். எந்தச் செதில் இல்லையோ, அதுதான் அந்த முதலையின் அடையாளம். பெரியப்பா அதன் முதுகில் ஏறியிருந்து படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் அன்றைக்கே ஊரில் எல்லாருடைய கைபேசிக்கும் போய்விட்டது.

அதை எங்கே விட வேண்டும் என்று மேலிடத்துக் கடிதம் இருந்தது. உன்னிச்சை தாண்டி, காட்டுக்குள் வெகுதூரத்தில் ஒரு குளம். அந்தக் குளத்துத் தண்ணீர் எங்கள் வாவிக்கு வராது, அதற்காகத்தான் அவ்வளவு தூரம். இது எனக்குத் தெரியாது. முதலைக்கு வேண்டியது தண்ணீர், அது எங்கே இருந்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.

முதலையை வண்டியில் ஏற்றும்போதே மத்தியானம் தாண்டிவிட்டது. முன் இருக்கையில் அப்பாவுக்கும் சாரதி மாமாவுக்கும் நடுவில் நான். சாரதி மாமா ஏறாவூர்க்காரர், அப்பாவோடு நெடுங்காலம் வேலை செய்தவர். உன்னிச்சைக் குளக்கட்டு வந்தபோது, இனிப் பாதை மோசம், போய் வர இன்னும் மூன்று மணித்தியாலமாவது ஆகும் என்று அவர் சொன்னார். எனக்குத் திக்கென்றது. வளையல் கடை, ராட்டினம், ஐஸ்பழம் எல்லாம் கண்முன்னால் வந்து போயின. மெல்ல முனகத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து அம்மா தொலைபேசியில் வந்தார். எங்கே நிற்கிறீர்கள் என்ற அவர் குரல் கேட்டதும் சத்தத்தைக் கூட்டினேன். வயிறு வலிக்கிறது என்றும் ஒரு பொய் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார்.

“இஞ்ச நிப்பாட்டுங்க.”

“சேர், கடிதத்தில காட்டுக்குளம் எண்டெல்லோ கிடக்கு?”

“இதும் பெரிய குளந்தானே. புள்ளைக்கு ஏலாமக் கிடக்கு.”

கட்டை அவிழ்த்ததும் முதலை கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது. நான் கைதட்டினேன். அப்பா வண்டிக்குள் இருந்து கந்தோர்ப் புத்தகத்தில் காட்டுக்குளத்தின் பெயரை எழுதினார். பொழுது சாயும்முன் நாங்கள் மாமாங்கத்தில் நின்றோம். பெரியப்பாவும் அங்கே வந்திருந்தார். முதலை போன சந்தோசத்தில் இரண்டு கைக்கும் பச்சை வளையல் வாங்கித் தந்தார்.

மாரி வந்தது. அடைமழையில் உன்னிச்சைக் குளம் நிறைந்து கதவுகளைத் திறந்தார்கள். அந்த வெள்ளம் ஆற்றோடு ஓடி எங்கள் வாவியில்தான் விழுகிறது. மார்கழியில் ஒரு காலை வலையோடு போன பெரியப்பா திரும்பவில்லை. துறையில் நின்றவர்கள் அவர் ஒரு தடவை கத்தியதைக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஊர்த் தோணிகள் எல்லாம் தேடின. அப்பா நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, அண்ணன் அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டே தேடினார். மறுநாள்தான் பெரியப்பாவின் உடம்பு கிடைத்தது. பெட்டியை மூடியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெரியம்மா அதைத் திறக்கச் சொல்லித் தலையால் மோதினார். திறக்கவில்லை.

ஒரு கிழமைக்குள் முதலை மறுபடியும் கூட்டில் விழுந்தது. அப்பா நேரே வாலடிக்குப் போய்ச் செதில்களை விரல் வைத்து எண்ணினாராம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிறகு காக்கி உடுப்போடு அந்தச் சேற்றிலேயே குந்திவிட்டாராம். இதைச் சாரதி மாமா எனக்குச் சொன்னபோது எனக்கே ஒரு பிள்ளை இருந்தாள். முதலை பிடிபட்ட அன்றைக்கே அப்பா கந்தோருக்குப் போய், உன்னிச்சையில் விட்டதையும் புத்தகத்தில் பொய் எழுதியதையும் சொல்லிவிட்டார். ஏன் விட்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சாரதி மாமாவையும் சொல்ல விடவில்லை. விசாரணை நடந்து அப்பாவின் வேலை போனது. முன்பு பெரியப்பா முதலையின் மேல் இருந்த படம் போன கைபேசிகளில் இப்போது அப்பாவின் படம் போனது. அதன் கீழே எழுதியிருந்தவற்றை அம்மா என்னை வாசிக்க விடவில்லை.

முப்பத்தோராம் நாள் பெரியம்மா வீட்டில் படையல். எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது, அப்பாவுக்கு வரவில்லை. அவர் முற்றத்து மூலையில் ஒரு கதிரையில் தனியாக இருந்தார். யாரும் அவரை ஏசவில்லை, பக்கத்தில் போகவும் இல்லை. நான் பெரியம்மாவின் மடியில் இருந்தேன். என் பெரியப்பா செத்ததற்கு இந்த மனிதர்தான் காரணம் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

“ஏனப்பா அதக் காட்டுக்குளத்தில விடல்ல?”

உன்னிச்சைக்குப் போன நாள் எனக்கு மறந்திருக்கவில்லை. குளக்கட்டு, வளையல், அழுதது எல்லாம் நினைவில் இருந்தன. ஆனால் நான் அழுவது நாளாந்தம் நடக்கிற காரியம். அதனால் ஒரு ஆள் சாகும் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை.

வேலியோரம் நின்ற சாரதி மாமா, “புள்ள, நீ அண்டைக்கு…” என்று தொடங்கினார். அப்பா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“களைச்சுப்போனன் மகள்” என்றார். “தூரம் போகச் சோம்பல்ல விட்டுட்டன்.”

“நீங்க சோம்பேறி” என்றேன்.

“ஓம் மகள்” என்றார் அப்பா.

பெரியம்மா என்னை இறுக்கி அணைத்துக்கொண்டார். பெரியப்பாவுக்காக அந்த வீட்டில் நியாயம் கேட்டவள் நான் ஒருத்திதான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதன் பிறகு ஒரு மாதம் நான் அப்பாவோடு பேசவில்லை.