மலை தெரியாத குட்டிகள்

என் புருஷன் இத்வல் பயந்த மனுஷன். இதை அவர் காதுபடவே சொல்வேன், அவரும் மறுக்கமாட்டார். கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்து மறுபடி போய் இழுத்துப் பார்ப்பார். எங்கள் வெல்ஷ் நாட்டில், மோயல் லாஸ் மலையடியிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு, அந்த மலையில் மூடுபனி இறங்கினால் முகம் வெளுத்துவிடும். அவருடைய அண்ணன் பனியில் வழி தப்பி, முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய கல்குவாரியில் விழுந்து செத்தவர். அதனால் இந்த விஷயத்தில் மட்டும் நான் கிண்டல் செய்வதில்லை.

இப்படிப்பட்டவர்தான் வெளியூர்ச் செம்மறிக் கிடா வாங்கினார். வேறு வழியில்லை. எங்கள் மந்தை தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்துக் கிடாக்களோடே சேர்ந்து, குட்டிகள் பூனை அளவுக்குப் பிறக்க ஆரம்பித்திருந்தன. எல்லை தாண்டி இங்கிலாந்திலிருந்து நீள முதுகும் அகல நெஞ்சுமாக ஒன்று வந்து இறங்கியது. பக்கத்துப் பண்ணைக்காரன் கெதின் வேலிமேல் சாய்ந்து பார்த்தான்.

"ஏன் இத்வல், இது இங்கிலீஷ்லதான கத்தும்? நம்ம பொட்டைங்களுக்கு வெல்ஷ் மட்டும்தான தெரியும்?"

"அதுக்குப் பேசுற வேலை ஒண்ணும் இல்ல," என்றேன். "உன்ன மாதிரி வாயால பொழைக்க வரல."

வசந்தத்தில் பிறந்த குட்டிகள் நல்ல கனம். ஆனால் ரோமம் மெல்லிசு. அங்கேதான் இத்வலுக்குப் பயம் பிடித்தது.

எங்கள் மலைக்கு வேலி கிடையாது. முதல் கோடையில் குட்டி தாயோடு மலையேறி, தாய் மேய்கிற இடத்திலேயே மேய்ந்து, இதுதான் நம் இடம் என்று பழகிக்கொள்ளும். அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தாண்டாது. ஆட்டை வாங்கலாம், அந்தப் பழக்கத்தை எங்கேயும் வாங்க முடியாது. அது போனால் மந்தை போச்சு, மந்தை போனால் நாங்கள் இங்கே இருந்து என்ன செய்ய?

இதெல்லாம் தெரிந்தும் அவர் குட்டிகளை மேலே அனுப்பவில்லை.

"மழையில வெறச்சிடும் நெஸ்டா. இந்தக் கோடை மட்டும் கீழயே இருக்கட்டும்."

"கீழ இருந்தா மலைய யாருய்யா காட்டுவா? நீயா?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வீட்டு வயலில் தின்று கொழுத்தன. குளிர்காலத்துக்குக் கடலோரப் புல்வெளிக்குப் போய்த் திரும்பிய அந்தப் பெட்டைக் குட்டிகளை அடுத்த ஏப்ரலில் மலையில் விட்டோம். சந்தைக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி நின்றன. பிறகு நேரே முகட்டைப் பார்த்து நடந்தன. அந்த வாரமே இரண்டைக் குவாரிக் குழியில் செத்துக் கிடக்கப் பார்த்தோம்.

அதற்கப்புறம் விடிந்ததும் இத்வல் நாயைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விடுவார். முகட்டில் நின்று, எல்லை தாண்டுகிறதையெல்லாம் திருப்பிவிட வேண்டும். அண்ணன் விழுந்த அதே விளிம்பு. கிளம்புமுன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போடுவாரே தவிர, வாயில் வைக்கமாட்டார். நான் அதைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்து அனுப்புவேன்.

மே மாதத்தில் ஒரு நாள், மதியத்துக்கு முன்பே மூடுபனி இறங்கிவிட்டது. நாய் மட்டும் தனியாக வீடு வந்தது.

அடுப்பில் ஆட்டுக்கறிச் சாறு கொதித்தது. அணைத்துவிட்டு, கல்சுவரைக் கையால் தடவியபடியே ஏறினேன். சுவர் முடிந்த இடத்தில் நின்றேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எங்கேயோ ஒரு ஆடு இருமியது. அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

"அங்கயே நில்லு நெஸ்டா."

மெதுவான குரல், ரொம்பக் கிட்டத்தில். பனிக்குள் கண் பழகியபின் தெரிந்தது: பெட்டைகள் நெருக்கியடித்து நிற்க, அவற்றுக்கு எதிரே இத்வல் கையை விரித்து நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"யோவ், உனக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். அதான் திரும்பிப் பாக்கல."

"நாய எதுக்கு அனுப்பித் தொலைச்ச? நான் உன்னப் பொணமாத்தான் பாக்கப்போறேன்னு வந்தேன்."

"அது வெரட்டுனா இதுங்க குழிக்குள்ள பாஞ்சிடும். நீ என் எடப்பக்கம் வா. மெதுவா. கைய விரி."

விரித்தேன். ஆடுகளின் மூச்சு முழங்காலில் பட்டது. ஒன்று முட்டினாலும் போதும், எல்லாரும் உள்ளேதான். என் பல் கிடுகிடுத்தது குளிரினால் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

பனி விலகி மழை பிடித்தபோது, எங்கள் மேய்ச்சல் பக்கம் அவற்றை அடியடியாக ஓட்டினோம்.

"கோடை முழுக்க நின்னா பழகிடும்," என்றார்.

"பழகலன்னா?"

அவர் பின்தங்கிய ஒன்றைத் தட்டி ஓட்டினார்.

கீழே வயலில், அதே கிடாவுக்கு இந்த வசந்தத்தில் பிறந்த குட்டிகள் தாய்களோடு நின்றன. இத்வல் வீட்டுக்குள் வராமல் நேரே மலைப்பக்கத்துப் படலுக்குப் போய்த் திறந்துவிட்டார்.

"இன்னைக்கேவா? இந்த மழையிலயா? செத்துத் தொலைஞ்சா?"

"சிலது சாகும்," என்றார். "மத்ததுக்கு மலை தெரியும்."

தாய்கள் தாங்களாகவே ஏறின. மெல்லிய ரோமம் உடம்போடு ஒட்ட, குட்டிகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடின.

"உள்ள வாய்யா, நனையுற."

"நீ போ. கடைசிக் குட்டி ஏறுற வரைக்கும் நிக்கிறேன்."

நானும் போகவில்லை. மழை வலுத்துக்கொண்டிருந்தது.