சும்மா கிடந்த குரல்

அக்காவும் தங்கையுமாக ஒரு சின்னப் பட்டறை நடத்தினார்கள். அச்சிட்ட பக்கத்தைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் கருவியை அங்கே செய்தார்கள். விற்பது அக்கா, கணினி நிரல் எழுதுவது தங்கை. பள்ளிக்கூடத்துக்குக் கருவிகளை ஏற்றிப்போக வண்டி வந்து நின்ற காலையில்தான் தங்கை வேண்டாம் என்று தடுத்தாள். குரல் கொடுக்கும் நிரல்தொகுப்பை இணையத்திலிருந்து எடுத்திருந்தாள். பிறர் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் உரிமம் எதுவுமே அதற்கு இல்லை. எடுத்த பிறகு எழுதியவரிடம் கேட்டதற்கும் அன்றுவரை பதில் வரவில்லை.

"நெட்ல சும்மாதானே கிடக்குது, எடுத்தா என்னடி?" என்றாள் அக்கா.

"வாசல்ல வண்டியும் சும்மாதான் நிக்குது. ஓட்டிட்டுப் போயிடுவியா?"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். தங்கை வேறு தொகுப்பு தேடி இணையத்தைச் சல்லடை போட்டாள். ஒன்றை விற்பனைப் பொருளில் சேர்க்கக் கூடாது. இன்னொன்றைச் சேர்த்தால் தங்கள் நிரல் முழுவதையும் வெளியிட வேண்டும். கடைசியில் கிடைத்ததற்கு, எழுதியவர் பெயரையும் உரிமத்தையும் கூடவே வைத்தால் போதும். அதைப் பொருத்தினாள். கருவி வாயே திறக்கவில்லை. வெளியே ஹாரன் அலறியது. தவறான ஒரு வரியைத் தேடிப் பிடித்துத் திருத்தியதும் கருவி கரகரவென்று பேசியது. இருவரும் விழுந்தடித்து எல்லாக் கருவிகளிலும் அதை, எழுதியவர் பெயரோடும் உரிமத்தோடும், ஏற்றி அனுப்பினார்கள்.

மாலையில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் தங்கையைப் போனில் அழைத்தார். "மாதிரிக்குக் காட்டின குரல் இதைவிட இனிமையா இருந்துச்சேம்மா?"

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அது நாங்க கேக்காம எடுத்தது சார். இது எழுதினவங்களே குடுத்தது."