பிக்கப் என்று அந்த டிரைவர் சொன்னது

என் பட்டறை அலமாரியில் ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கிறது. உள்ளே பாதி டீசல். நான் திருவொற்றியூரில் லாரி மெக்கானிக். அந்த பாட்டிலை யாரும் தொட விடுவதில்லை.

அந்த டீசல் மணலிக்கு ஓடிய ஒரு லாரியுடையது. அதன் டிரைவருக்குச் சடையங்குப்பத்தில் வீடு. ஒரு காலையில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, பிக்கப்பே இல்ல. மேம்பாலம் ஏறசொல்ல நடந்து போறவன் என்னைத் தாண்டிப் போறான்."

"பிக்கப்புன்னா இன்னா நைனா உனக்கு?" என்று சீண்டினேன்.

"நான் மிதிச்சா வண்டி என்னை நம்பணும். நம்ப மாட்டேங்குது. நீ பிரேக்கு வேலை பாத்ததுலேர்ந்து இப்டித்தான் கீது."

என் வேலையைக் குறை சொன்னதும் எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. டீசலை உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பவர்கள் அந்த ரோட்டில் உண்டு. அப்படிக் கலந்தாலும் பிக்கப் குறையும். டேங்கிலிருந்து பாட்டிலில் பிடித்தேன். விரலில் தேய்த்து மோந்தேன். மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அடித்ததாகத்தான் நினைத்தேன். லாரி முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் தெற்கத்திக்காரர்.

"நம்மகிட்டயே வேலையக் காட்டுதான், பாத்தீங்களா."

மதியத்துக்குள் டிரைவருக்கு வேலை போனது. சாவியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மோந்து பாத்தியே மேஸ்திரி, சக்கரத்தைத் தொட்டுப் பாத்தியா?"

நான் பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தேன்.

புது டிரைவர் வந்தார். ஒரே வாரத்தில் அதே குறை. அரை நாள் அவரையும் சந்தேகப்பட்டேன். பிறகுதான் சக்கரத்தின் பிரேக் டிரம்மைத் தொட்டேன். கை சுட்டது. பிரேக்கை நான்தான் அளவுக்கு மேல் இறுக்கி வைத்திருந்தேன். வண்டி பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. தளர்த்தினேன். மேம்பாலத்தில் சரசரவென்று ஏறியது.

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "விடுங்க மேஸ்திரி, இப்ப ஓடுதுல்லா" என்றார்.

போன மாதம் என் மகளிடம் கேட்டேன். பிக்கப் இங்கிலீஷ் சொல்லாம். கீழே கிடப்பதைக் கையில் எடுப்பதாம். வண்டி வேகம் எடுப்பதற்கும் அதையே வைத்துக்கொண்டார்களாம். அவள் பள்ளிப் புத்தகத்தில் முடுக்கம் என்று போட்டிருக்கிறது. என் அப்பா பட்டறையில் இழுவை என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் பிக்கப் இல்லையென்று வண்டி வந்து நின்றால், 'வண்டி என்னை நம்பணும்' என்று அந்த டிரைவர் சொன்னதுதான் எனக்குக் காதில் கேட்கிறது. இப்போது முதலில் சக்கரத்தைத் தொடுகிறேன்.

சடையங்குப்பம் இங்கிருந்து தூரமில்லை. இதுவரை அவரைப் பார்க்கப் போகவில்லை.

நேற்று பாட்டிலைத் திறந்து மோந்தேன். வெறும் டீசல் வாடை. அன்றைக்கும் அதுதான் இருந்திருக்கும்.