மாமனாரை மங்கலதேவி மலைக்குத் தூக்கிப் போன நாள்

சித்திரைப் பௌர்ணமிக்கு மங்கலதேவி கோயிலுக்குப் போக வேண்டும் என்று என் மாமனார் சொன்னபோது, நான் அடுப்படியில் கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்வதாகக் காட்டிக்கொள்ளாமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டில் அவர் பேசுவதே அப்படித்தான்.

அவரால் நடக்க முடியாது. சில வருஷங்களுக்கு முன்னால் தோட்டத்தில் மாடு கட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தபோது வடம் அறுந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டார். இடுப்பில் கட்டுப் போட்டும் எலும்பு சரியாகக் கூடவில்லை. ஒரு காலை இழுத்துக்கொண்டு, கம்பை ஊன்றிக் கொல்லை வரை போய் வருவார். அதற்கு மேல் ஆகாது.

அவருக்கு இரண்டு மகன்கள். இளையவர் என் கணவர். கிணற்றோடு சேர்ந்த தோட்டத்தில் உடம்பு தேயப் பாடுபட்டது இவர். மாமனார் அதை மூத்தவருக்கே கொடுக்க நினைத்தார். என் கணவர் உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு இழுத்து, கடைசியில் தோட்டம் எங்கள் பாகத்துக்கு வந்தது. மூத்தவர் கோபித்துக்கொண்டு பெண்டு பிள்ளைகளோடு ஏலமலைக்குப் பிழைக்கப் போய்விட்டார். தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வழக்கில் தோற்ற மாமனார் ஜெயித்த மகன் வீட்டிலேயே சாப்பிட வேண்டியதாகிவிட்டது. தகப்பனும் மகனும் அதன் பிறகு முகம் பார்க்கவில்லை. சோறு வைப்பது மட்டும் என் வேலையாக இருந்தது. வட்டிலைக் கீழே வைத்ததும் முதல் கவளத்தை எடுத்து வெளியே எறிவார். காக்கைக்கு வைப்பது போல இருக்காது. காறித் துப்புவது போல இருக்கும்.

கோயிலுக்குப் போக வேண்டும் என்றதை என் கணவரிடம் சொன்னேன். "நீ வேணும்னா கூட்டிட்டுப் போ. நான் வரல" என்று முடித்துவிட்டார். சாகப்போகிற வயதில் சாமியைப் பார்க்க ஆசைப்படுகிறார், மனசு இளகியிருக்கும் என்று நான் நினைத்தேன். நடை பழகுகிற என் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சுருளிப்பட்டியிலிருந்து கூடலூர் வரைக்கும், அதைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் வண்டி. அங்கே ஒரு நாற்காலியை இரண்டு மூங்கிலுக்கு நடுவில் வைத்துக் கட்டி டோலி தயாராக இருந்தது. தூக்குவதற்கு எங்கள் ஊர் ஆட்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். கூட்டம் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. ஆளுயரப் புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. யானை போட்ட சாணம் வழியெல்லாம் காய்ந்து கிடந்தது. செங்குத்தான இடங்களில் நாற்காலி பின்னால் சாயும். மாமனார் தூக்குகிறவர்களின் தலைமயிரைப் பிடித்துக்கொள்வார். மாடு ஓட்டுவது போல அதட்டுவார். முன்னால் தூக்கிய மூத்த ஆள் ஒருமுறை டோலியை இறக்கி வைத்துவிட்டு, பேசாமல் வருவதென்றால் தூக்குகிறோம், இல்லாவிட்டால் இப்படியே திரும்புகிறோம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மாமனார் வாயைத் திறக்கவில்லை.

உச்சிக்குப் போனதும் காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. அங்கே கோயில் என்று முழுசாக எதுவும் இல்லை. பெரிய பெரிய கருங்கற்களை அடுக்கிக் கட்டிய மதில் பாதி நின்றது, பாதி சரிந்து கிடந்தது. கூரை எப்போதோ போய்விட்டது. சுவரைப் பிளந்துகொண்டு மரம் வளர்ந்திருந்தது. எழுத்து வெட்டிய கல்லின் மேல் யாரோ பொங்கல் பானையை இறக்கி வைத்திருந்தார்கள். எந்த ராசா கட்டியது என்று யாருக்கும் தெரியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர்க் காட்டு வாட்சர்கள் கம்போடு நின்று, அது தங்கள் மண் என்று மலையாளத்தில் சத்தம் போட்டார்கள். நம் பக்கத்து ஆட்களும் விட்டுக்கொடுக்காமல் பதிலுக்குக் கத்தினார்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்பது மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பேச்சு.

மாமனார் டோலியை மதிலுக்கு வெளியிலேயே இறக்கச் சொன்னார். கீழே உட்கார்ந்து, கையை ஊன்றி, சரிந்த கற்களின் மேல் உடம்பை இழுத்துக்கொண்டே உள்ளே போனார். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். கம்பால் என் கையில் ஓர் அடி வைத்தார். பக்தி என்று நினைத்து வலியைப் பொறுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

உள்ளே, முகம் தேய்ந்துபோன அம்மன் கல்லுக்கு மஞ்சள் பூசி, பூச் சுற்றியிருந்தார்கள். அநியாயம் செய்தவனைச் சும்மா விடமாட்டாள் என்று எங்கள் பக்கத்தில் அவளுக்குப் பேர். மாமனார் இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். திருநீறு என்று நினைத்தேன். செம்மண். எங்கள் தோட்டத்துக் கிணற்றடி மண். யாரிடம் சொல்லி எடுத்துவரச் செய்தாரோ. கை நிறைய அள்ளி அம்மன் முன்னால் தூற்றினார்.

"பெத்தவனக் கோர்ட்டுல நிப்பாட்டி வாங்குன மண்ணு தாயே. இத வாங்குனவன் வெளங்கக் கூடாது. அவன் வம்சம் தழைக்கக் கூடாது."

சுற்றி நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் விட்டுவந்த பிள்ளைதான் என் நினைப்பில் நின்றது.

"அவுக வம்சம் ஒங்க வம்சம் இல்லையா மாமா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். யோசித்துச் சொன்ன பதில் போல இருந்தது.

நான் குனிந்து அந்த மண்ணை அள்ள ஆரம்பித்தேன். கல் இடுக்கில் போனதையும் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். அவர் என் முதுகிலும் கையிலும் கம்பால் அடித்தார். நான் நிறுத்தவில்லை. எடுக்க முடிந்ததையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்து, மதிலுக்கு அப்பால் பள்ளத்தில் உதறிவிட்டேன். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. எங்கள் தோட்டம் எந்தப் பக்கம் என்று தேடக்கூட மனம் வரவில்லை.

செய்தி அதற்குள் டோலிக்காரர்களிடம் போய்விட்டது. மூத்த ஆள் மூங்கிலைத் தொட மறுத்துவிட்டார்.

"பெத்த மகனுக்கே மண்ணு தூத்துன ஆளு ஆத்தா. அவரத் தூக்குனா அந்தப் பாவம் எங்க தோள்ல ஏறும். எங்களுக்கும் பிள்ள குட்டி இருக்கு."

மாமனார் மதில் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "போங்க எல்லாரும். நான் இங்கனயே கெடந்துக்கிறேன்" என்றார்.

விட்டுவிட்டுப் போகலாம் என்று எனக்கும் தோன்றியது. பொய் சொல்ல விரும்பவில்லை, நன்றாகவே தோன்றியது. இருட்டினால் மலையில் யாரும் இருக்கமாட்டார்கள். யானையும் குளிரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஊருக்குப் போய் என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. தகப்பனைக் காட்டில் போட்டவன் என்ற பேர் அவர் மேல்தான் விழும். அதைவிடப் பெரிய சாபத்தை இந்தக் கிழவரால் கொடுக்க முடியாது என்றும் தோன்றியது.

அவர் முன்னால் போய் நின்றேன். "நீங்க இங்கன செத்தா அந்தப் பழியையும் அவுகதான் சொமக்கணும். அதுக்கு நான் விடமாட்டேன். ஏறி ஒக்காருங்க" என்றேன்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முன்பக்க மூங்கிலுக்குத் தோள் கொடுத்தேன். நெல்லுக்கட்டு தூக்கிப் பழகிய தோள்தான். இளவட்டங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மற்ற முனைகளைப் பிடித்தார்கள். மூத்த ஆள் கடைசிவரை தொடவில்லை. சற்றுத் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து வந்தார்.

இறக்கத்தில் பாரம் முழுவதும் முன்னால் தூக்குகிறவர் மேல் வரும். மூங்கில் தோளை அறுத்தது. ஓரிடத்தில் சறுக்கி முழங்கால் குத்தி விழுந்தேன், நாற்காலி சாய்ந்தது. மாமனார் விழாமலிருக்க என் தோளைப் பிடித்தார். உடனே கையை எடுத்துக்கொண்டார். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அடிவாரம் வருகிற வரைக்கும் அவருடைய மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்த மூச்சை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் என் தோளைப் பார்த்துவிட்டு என் கணவர் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் நேரே தகப்பனிடம் போய் நின்றார். "நெசமா?" என்று கேட்டார். வழக்குக்குப் பிறகு தகப்பனிடம் அவர் பேசிய ஒரே வார்த்தை அது.

"ஆமா" என்றார் மாமனார்.

என் கணவர் திரும்பி வந்து படுத்துக்கொண்டார். என் தோளுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டது பக்கத்து வீட்டுக்காரிதான்.

அந்த வருஷம் தோட்டம் நன்றாக விளைந்தது. அடுத்த வருஷம் புகையான் பூச்சி விழுந்து நெல் பதராகப் போனது. ஊரில் சிலர் மண்ணைப் பற்றிப் பேசினார்கள். புகையான் அவர்கள் வயலிலும்தான் விழுந்திருந்தது. எனக்கு அப்புறம் ஒரு மகனும் பிறந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். அவரும் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

மாமனார் இன்னும் சில மழைக்காலம் இருந்தார். மூன்று வேளையும் வட்டிலை வைத்தேன். முதல் கவளத்தை எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். வட்டிலை எடுத்துக் கழுவினேன். அதற்கு மேல் எங்களில் ஒருவருக்கு மற்றவரிடம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.