தாதர் ஸ்டேஷனில் என் மகள் கேட்ட கேள்வி

நாலரை வருடத்துக்கு முன்பு, ஒரு மே மாத மதியம். நவி மும்பையின் நெருள் பகுதியில் ஒரு தனியார் கல்லூரியின் கண்ணாடி அறையில் நானும் என் மகளும் உட்கார்ந்திருந்தோம். ஏசி குளிர், காகிதக் கப்பில் காபி. பன்னிரண்டாவது முடித்திருந்த மகளுக்கு மாஸ் மீடியா படிக்க ஆசை. செய்தி, விளம்பரம், வீடியோ எல்லாம் சொல்லித்தரும் மூன்று வருடப் படிப்பு.

இதை வாசிக்கும் பிள்ளைகளா, நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். தாராவியில் மூன்று மெஷின் போட்டுப் பை தைக்கிறேன். அந்த அறையில் எனக்கு வாயே வரவில்லை. அங்கிருந்த அலுவலர் சுவரில் மாட்டியிருந்த ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, படித்து முடித்ததும் மாதம் நாற்பதாயிரம் சம்பளம் என்றார். கட்டணம் ஒன்பது லட்சம். வங்கிக் கடனுக்கு அவர்களே வழி செய்வார்களாம். வீட்டுப் பத்திரம் ஒன்றை ஈடு வைத்தால் போதுமாம். பதினெட்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து அம்பர்நாத்தில் வாங்கிய ஒற்றை அறை வீட்டின் பத்திரம் என் பெட்டியில் இருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி பையின் உள்துணியை வெட்டிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள். பிறகு கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அந்த ரெட்டை ஊசி மெஷின் வாங்கும்போது வித்தவன்ட்டயா கேட்டிய? அதே மெஷின ஒரு வருசமா ஓட்டுறவரத் தேடிப் போயி, மாசம் என்ன நிக்கி, தவணை போக என்ன மிஞ்சுதுன்னு கேட்டியல்லா? இதுக்கு மட்டும் ஏன் கேக்கல?"

"எம்மா, அது மெஷினு. இது படிப்பு!" என்று மகள் சீறினாள்.

"ரெண்டுக்கும் மாசத் தவணைதானட்டி?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருடம் தொழிலில் தவறாத ஒரு பழக்கத்தை, ஒரு கப் காபிக்கு மறந்திருந்தேன்.

மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் தானாகவே ஒரு நோட்டை எடுத்தாள். அந்தக் கல்லூரியில் படித்து முடித்தவர்களைப் போனில் தேடித் தேடிப் பிடித்தாள். எடுத்ததும் சம்பளத்தைக் கேட்கமாட்டாள். காலையில் எழுந்ததிலிருந்து என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் தொடங்குவாள். அவர்கள் பேசப் பேச, சம்பளம் அதுவாக வந்து விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே படித்து முடித்த, செம்பூரைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண் தாதர் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாள். துணைக்கு நானும் போனேன். பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். ரயில் வந்து இரையும்போதெல்லாம் பேச்சு நிற்கும், போனதும் தொடரும். காலையில் எழுந்ததிலிருந்து என்ன வேலை என்ற அதே கேள்வியைக் கேட்டு, நடுவே ஏதோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்தாள் என் மகள். சிரித்த முகம் மெல்ல மாறியது.

"வீட்ல முப்பதாயிரம்னு சொல்லி வெச்சிருக்கேன். நிஜத்துல பதினெட்டு. அதுல பதினாலு லோனுக்குப் போயிடும். ட்ரெயின் பாஸ் இன்னும் எங்கப்பாதான் எடுத்துத் தரார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "படிப்பு நல்ல படிப்புதான் அங்கிள். நான் வாங்கின விலைதான் தப்பு."

அந்தக் கல்லூரியில் முடித்த ஆறு பேரிடம் கேட்டாயிற்று. பதினைந்தாயிரத்துக்கும் இருபத்திரண்டாயிரத்துக்கும் நடுவில்தான் எல்லோரும். மாட்டுங்காவில் ஒரு பழைய கல்லூரியில் அதே படிப்பை முடித்த ஐந்து பேரையும் கேட்டாள். அதே மாதிரி கம்பெனிகள், ஏறக்குறைய அதே சம்பளம். ஆனால் கட்டணம் மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரு லட்சம்கூட இல்லை.

கடைசியாகக் கண்ணாடி அறைக்காரருக்கே ஸ்பீக்கரில் போன் போட்டாள். நாற்பதாயிரம் எத்தனை பேருக்கு என்று இந்தியில் பணிவாகத்தான் கேட்டாள். ஒருவருக்கு என்றார். படத்தில் இருக்கும் பெண்ணாம். அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்றதற்கு, எங்கள் கல்லூரியின் விளம்பரப் பிரிவில்தான் என்று பதில் வந்தது. என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அவள் தோழிகள் மூன்று பேர் அங்கேதான் சேருவதாக இருந்தார்கள். கண் கலங்கித்தான் இருந்தது.

"எப்பா, பத்திரத்தப் பெட்டியிலயே வையுங்க. நான் மாட்டுங்காவுலயே படிக்கேன்."

தொண்ணூறாயிரம்தான் கடன் வாங்கினோம். ஓட்டை மின்விசிறி, நெருக்கமான பெஞ்ச் என்று முதல் மாதம் புலம்பினாள். அப்புறம் புலம்ப நேரமில்லாமல் ஓடினாள்.

படிப்பு முடிந்து ஒரு செய்தி நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். இதுவரை என்ன செய்திருக்கிறாய் என்று கேட்டார்களாம். அந்தப் பழைய நோட்டை எடுத்து வைத்திருக்கிறாள். பதினோரு பேர், அவர்களைத் தேடிய விதம், பெயர் வெளியிடமாட்டேன் என்று கொடுத்த வாக்கு, கிடைத்த உண்மை. கேட்டவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "கல்லூரியில் சேருவதற்கு முன்பேயா இதைச் செய்தாய்?" என்றாராம். இருபத்து மூவாயிரத்தில் வேலை.

மாதம் ஆறாயிரமாகக் கட்டி, போன மாதம் கடனை முடித்தாள். வங்கி கொடுத்த கடிதத்தைக் கொண்டுவந்து அம்மாவின் கையில்தான் முதலில் கொடுத்தாள். "மெஷின் நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்டாள். "தவணை போக மிஞ்சுதுல்லாட்டி, ஓடட்டும்" என்றாள் என் மனைவி. பட்டறையில் இருந்த எல்லோருக்கும் அன்று ஜிலேபி.

அம்பர்நாத் வீட்டுப் பத்திரம் இன்னும் அதே பெட்டியில் இருக்கிறது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், வாய் பேசாமல் தலையாட்டி வந்த அந்த மதியத்தை நினைத்துக் கூசத்தான் செய்கிறது. ஆனால் கூடவே, இரையும் ரயிலுக்கு நடுவே நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்த என் பெண்ணின் முகமும் வருகிறது. எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளும் முன்பே அவள் தன் படிப்பைத் தொடங்கிவிட்டிருந்தாள் என்பது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அன்று தெரியவில்லை.